வேறு குழாயில் பார்த்த அழுத்தம்

அனுப்புநர்:
பதிவறை எழுத்தர்,
மூன்றாம் மாடி,
குடிநீர் வழங்கல் வாரியம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
நான்காம் மாடி,
குடிநீர் வழங்கல் வாரியம்.

பொருள்: என் நுரையீரலில் உள்ள உயர் இரத்த அழுத்தத்தை என் கையில் தேடிவிட்டு, சான்றில் "நடிப்பு" என்று எழுதிய மருத்துவ அலுவலர் மீதும், அதைப் பணிப்பதிவேட்டில் ஏற்றிய பணியாளர் பிரிவுக் கண்காணிப்பாளர் மீதும் நடவடிக்கை கோருதல், வரும் திங்கள்கிழமை விசாரணையைத் தரைத்தளத்துக்கு இறக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. என் இடமாற்ற விண்ணப்பம்.
2. பழுதுநீக்கும் பிரிவின் குறிப்பு: "நேரில் பார்வையிடப்பட்டது. அழுத்தம் இயல்பு. கசிவு இல்லை."
3. மருத்துவ அலுவலரின் சான்று.
4. விசாரணைக்கான அழைப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனு நீளமானது. அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. நேரில் வந்து சொன்னால் நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை நான் நின்று மூச்சு வாங்க வேண்டும். அந்த இடைவெளியில் எதிரே இருப்பவர் "சரி சரி, புரிஞ்சுது, போங்க" என்று சொல்லிவிடுகிறார். இரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தில் எந்த அலுவலரிடமும் நான் ஒரு பேச்சையும் முழுதாகப் பேசி முடித்ததில்லை. எழுதினால் மூச்சு வாங்காது. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன். தாங்கள் முழுவதையும் படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. நான் இவ்வாரியத்தில் பதினேழு ஆண்டுகளாகப் பதிவறையைப் பார்த்துக்கொள்கிறேன். பதிவறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. தரையிலிருந்து எழுபத்திரண்டு படிகள். லிப்ட் பதினோரு மாதமாக ஓடவில்லை. அதற்கு முன்பு ஓடியபோதும் அது அலுவலர்களுக்கு மட்டும்தான் என்பதால், எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கீழே உள்ள பிரிவுகள் கேட்கும் கோப்புகளை எடுத்துக்கொண்டு இறங்குவதும், பார்த்து முடித்தவற்றைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் என் வேலை. நாளொன்றுக்கு ஆறு ஏழு தடவை. பதினைந்து வருடம் அதை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் செய்தேன்.

3. இரண்டு வருடம் முன்பு முதல் தடவையாக மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றேன். பிறகு இரண்டாம் மாடித் திருப்பத்தில். பிறகு பத்துப் படிக்கு ஒருமுறை. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கும். நம் மருத்துவ அலுவலரிடம் போனேன். "வெயிட்டு போட்டிருக்கீங்க. கொஞ்சம் ஆஸ்துமாவும் இருக்கலாம்" என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து ஒன்றைத் தந்தார். எட்டு மாதம் உறிஞ்சினேன். மருந்து தீர்ந்தது, மூச்சு திரும்பவில்லை.

அந்த எட்டு மாதத்தில் கண்காணிப்பாளர் எனக்கு ஒரு பெயர் வைத்தார். "இன்ஜின்." நான் படியேறி வரும் சத்தம் கேட்டால் "இன்ஜின் வருது, வழி விடுங்கப்பா" என்பார். பிரிவே சிரிக்கும். நானும் ஒன்றிரண்டு தடவை சிரித்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். வீட்டில் என் மாமியார் வேறு, "ஆபீசுக்குக் கிளம்பும்போது வராத மூச்சிரைப்பு, பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் எங்கிருந்து வருது?" என்று கேட்டார். அவரை நான் மன்னித்துவிட்டேன். காரணம் பிறகு வரும்.

4. சென்ற மழைக்காலத்தில், பழைய இணைப்பு விண்ணப்பக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது, இரண்டாம் மாடிக்கு நாலு படி இருக்கையில் கண் இருட்டி விழுந்தேன். விழித்தபோது என் தலை தட்டச்சர் அம்மாவின் மடியில் இருந்தது. உதடு நீலமாக இருந்ததாக அவர் பின்னால் சொன்னார். கண்காணிப்பாளரும் ஓடி வந்திருந்தார். குனிந்தார். என்னைத் தூக்கத்தான் குனிகிறார் என்று நினைத்தேன். "ஐயோ, வரிசை கலைஞ்சு போச்சே" என்று சொல்லிக்கொண்டு தாள்களைப் பொறுக்கினார். இதைப் பார்த்தவர்கள் ஐந்து பேர். யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அவர் கையில்தான் விடுப்பு இருக்கிறது.

5. அதன் பிறகு என் கணவர், பேருந்து ஓட்டுநர், வண்டிக்கு வேறொருவரை ஏற்றிவிட்டு என்னைப் பெரிய மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த மருத்துவர் அம்மா முதலில் என் கழுத்து நரம்பைப் பார்த்தார். பிறகு கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் மூச்சு வாங்கிப் பதில் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த வாரம் தொடை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழலை விட்டு, இதயத்தின் வலப்பக்கம் வரை கொண்டுபோய், நுரையீரலுக்குப் போகும் குழாயிலேயே நேரடியாக அழுத்தத்தை அளந்தார்கள். அந்தக் குழாயில் சராசரி அழுத்தம் இருபதைத் தாண்டக் கூடாது. எனக்கு ஐம்பத்திரண்டு.

நோயின் பெயர் நுரையீரல் தமனி உயர் இரத்த அழுத்தம். எனக்கு இது வந்த காரணம் தெரியவில்லை என்று சொன்னார். "நீங்க எதுவும் தப்பு பண்ணல" என்றும் சொன்னார். இரண்டு வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அன்று மாலை அந்த எண்ணை என் கணவர் வீட்டில் சொன்னதும், என் மாமியார் எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். இன்றுவரை ஒரு பாத்திரத்தையும் என்னைத் தொட விடவில்லை. மன்னித்த காரணம் இதுதான்.

6. ஐயா, தாங்கள் பொறியாளர். அழுத்தம் என்றால் என்ன என்று தங்களுக்கு நான் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் இந்த வாரியத்தில் இருவருக்கு இது புரியவில்லை என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

இதயம் ஒரு மோட்டார் இல்லை, இரண்டு. இடப்பக்கம் இருப்பது பெரிய மோட்டார். உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. வலப்பக்கம் இருப்பது சின்ன மோட்டார். பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. அந்தச் சின்ன லைன் குறைந்த அழுத்தத்துக்காகவே அமைந்தது. எனக்கு அந்த லைனில் உள்ள நுண்ணிய குழாய்கள் தடித்துக் குறுகிவிட்டன. சின்ன மோட்டார் முக்கி முக்கித் தள்ளுகிறது. தள்ளித் தள்ளி அது வீங்குகிறது. ஒரு நாள் தோற்றுப்போகும். நடந்தால், ஏறினால், தூக்கினால் உடம்பு கூடுதல் இரத்தம் கேட்கும், சின்ன மோட்டாரால் கொடுக்க முடியாது, மயக்கம் வரும்.

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் பெரிய மோட்டாரின் லைனில் பார்ப்பது. அங்கே எனக்கு ஒரு கோளாறும் இல்லை. இரண்டும் வெவ்வேறு லைன். ஒன்றின் அழுத்தம் மற்றதில் தெரியாது. மாத்திரைகளும் சிலருக்கு ஆக்சிஜனும் தருகிறார்கள். எனக்கு இரண்டும் உண்டு. அடியோடு குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. படி ஏறாதே, பாரம் தூக்காதே, மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதே என்று சொன்னார்கள்.

7. மருத்துவர் அம்மாவின் கடிதத்தை இணைத்து, தரைத்தளத்தில் ஏதாவது ஒரு நாற்காலி கேட்டு விண்ணப்பித்தேன். கண்காணிப்பாளர் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றினார். "நுரையீரல் தமனி உயர் இரத்த அழுத்தம்" என்பதை முழுதாக எழுதாமல் "உ.அ." என்று எழுதினார். பின்னால் கேட்டபோது, "கட்டத்துல இடம் பத்தலம்மா" என்றார். நம் வாரியத்தில் உ.அ. என்று எழுதினால் என்ன பொருள் என்பது கடைநிலை ஊழியருக்கும் தெரியும். உயர் அழுத்தம், குழாய் வெடிக்கும் நிலை, அவசரம். தபால் பிரிவு தன் கடமையைச் சரியாகச் செய்து, என் விண்ணப்பத்தைப் பழுதுநீக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டது.

அவசரக் கோப்பு என்பதால் பத்தொன்பதே நாளில் என் வீட்டுக்கு இருவர் வந்தார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன். காலை வண்டியை முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து கதவைத் திறந்தார். அவர்கள் எல்லாக் குழாயிலும் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தார்கள். சமையலறைக் குழாயில் வெகுநாளாக இருந்த சொட்டையும் சரிசெய்தார்கள். இந்த விண்ணப்பத்தால் இன்றுவரை எனக்குக் கிடைத்த ஒரே நிவாரணம் அதுதான். பிறகு "அழுத்தம் இயல்பு. கசிவு இல்லை" என்று குறிப்பு எழுதிக் கோப்பைத் திருப்பினார்கள். மருத்துவர் அம்மாவின் கடிதம் அவர்கள் பிரிவிலேயே தங்கிவிட்டது.

வந்தவர்களில் மூத்த ஃபிட்டர், எல்லோரும் "ஸ்பேனர்" என்று கூப்பிடுபவர், இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதத்தோடு பதிவறைக்கு ஏறி வந்தார். "அக்கா, இது பைப்பு சமாச்சாரம் மாதிரி தெரியலையே. யாருக்கு உ.அ.?" என்று கேட்டார். எனக்குத்தான் தம்பி என்றேன். நின்று நின்று சொன்னேன். முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப பெரிய மோட்டார் லைன் நல்லாத்தான் இருக்கு. சின்ன லைன்தான் அடைச்சுக்கிட்டு முறுக்குது. கேஜை அந்த லைன்லதானே வெச்சுப் பாக்கணும்?" என்றார். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்குப் புரிய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இதைக் கோப்பில் பதிவுசெய்ய வேண்டுகிறேன்.

8. கடிதத்தோடு மீண்டும் முதல் மாடியில் உள்ள கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. பதிவேட்டில் உள்ள உ.அ.வைப் பார்த்து, "பிரஷர் கேஸு. நம்ம டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்றார். மருத்துவ அலுவலரின் அறை இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஏறிப் போனேன். நான் போய்ச் சேர்ந்த நிலையில் என்னால் பேச முடியவில்லை. அவர் கையில் பட்டையைக் கட்டினார். நூற்றுப் பத்து, எழுபது. "உங்களுக்குப் பிரஷரே இல்லையேம்மா! என்னைவிட நல்லா இருக்கீங்க" என்றார்.

நான், "டாக்டர், கையில..." என்றேன். மூச்சு நின்றது. "கையில இல்லை, நுரையீரலில்" என்பதுதான் நான் சொல்ல வந்தது.

"கையில என்ன, வலியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டி மறுப்பதற்குள் வலிக்குத் தடவும் மருந்து ஒன்றை எழுதிவிட்டார். பையிலிருந்து மருத்துவர் அம்மாவின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "லெட்டர் யாரு வேணாலும் வாங்கலாம்" என்று சொல்லித் திருப்பித் தள்ளினார். நான் உள்ளே போனதிலிருந்து வெளியே வந்தது வரை நாலு நிமிடம். சான்றில் அவர் எழுதியது: "இரத்த அழுத்தம் இயல்பு. படியேறும் பணிக்குத் தகுதி. கூறப்படும் மூச்சுத்திணறல் நடிப்பு." கண்காணிப்பாளர் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் என் பணிப்பதிவேட்டில் ஏற்றினார். அதற்குக் கட்டத்தில் இடம் இருந்தது.

9. அடுத்ததை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். எனக்குத் தரும் மாத்திரைகளில் ஒன்று, ஆண்களின் வேறொரு குறைக்கும் தரப்படுவது. குறுகிய குழாய்களைத் தளர்த்துவது அதன் வேலை. அதனால் இந்த நோய்க்கும் அதைத் தருகிறார்கள். மருத்துவப் பிரிவின் ஒப்புதலுக்காக மருந்துச் சீட்டின் நகலை நான் கொடுத்திருந்தேன். கண்காணிப்பாளர் அந்த மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிப் பிரிவின் நடுவே நின்று உரக்கப் படித்தார். "இன்ஜினுக்கு இது எதுக்குய்யா? வீட்டுக்காரர் சீட்டை மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றார். சிரித்தவர்களில் மருத்துவ அலுவலரும் ஒருவர். எம்.பி.பி.எஸ். படித்தவர். அந்த மாத்திரை எதற்கெல்லாம் தரப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் அவரை அந்த நாற்காலியில் வைத்திருக்கக் கூடாது. தெரிந்தே சிரித்தார் என்றால் அவரை இந்தக் கட்டடத்திலேயே வைத்திருக்கக் கூடாது.

அன்று என் கணவர் என்னை அழைத்துப் போகக் கீழே வந்து நின்றிருந்தார். சிரிப்பு அதற்குள் வாசல் வரை இறங்கிவிட்டது. அவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். இருபது வருடமாக நாள் முழுக்க ஹாரன் அடித்தவர், அன்று ஒரு தடவையும் அடிக்கவில்லை.

10. இப்போது எனக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. "பொய் நோய் கூறி வேலையைத் தட்டிக்கழித்த" குற்றத்துக்கு வரும் திங்கள்கிழமை காலை பத்தரை மணிக்கு நான்காம் மாடிக் கூட்ட அறையில் விசாரணை. நான்காம் மாடிக்குத் தொண்ணூற்றாறு படிகள். வரத் தவறினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதிப் பணிநீக்கம் செய்யப்படும் என்று கடைசி வரியில் இருக்கிறது. பணி போனால் வாரியத்தின் மருத்துவ அட்டையும் அன்றே போகும். மாத்திரை நிற்கும். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் அம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆக, ஏறினாலும் ஆபத்து, ஏறாவிட்டாலும் ஆபத்து. அழைப்பாணையைத் தயாரித்தவர் கண்காணிப்பாளர்தான்.

11. இந்த மனுவில் பழிவாங்கும் எண்ணம் இருக்கிறதா என்று தாங்கள் ஐயுறலாம். இருக்கிறது. மறைக்கவில்லை. அவ்விருவருக்கும் எச்சரிக்கைக் கடிதமோ இடமாற்றமோ கொடுத்து முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கோருவது பின்வருவது.

இருவரையும் தரைத்தளத்தில் நிறுத்த வேண்டும். மூக்கில் கிளிப் மாட்ட வேண்டும். வாயில், குளிர்பானக் கடையில் கொடுக்கும் மெல்லிய ஸ்ட்ரா ஒன்று. கையில் ஒரு கோப்புக் கட்டு. கனமானதை நானே எடுத்துத் தருகிறேன். ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு எழுபத்திரண்டு படி ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று தம் பெயர், பதவி, பணியில் சேர்ந்த ஆண்டு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் நிற்கும் இடத்தில், அவர்கள் பெயருக்கு எதிரே "நடிப்பு" என்று எழுத வேண்டும். எழுதுவதற்குத் தட்டச்சர் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலும் இருவர் தாமாகவே வந்து கேட்டார்கள். என் மாமியாரும் வருகிறேன் என்கிறார். அவரை வீட்டில் நிறுத்திவைப்பது என் பொறுப்பு.

இது மிகையான தண்டனை என்று தோன்றினால் ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். முடியவில்லை என்றால் அவர்கள் ஸ்ட்ராவைத் துப்பிவிடலாம். எனக்கு அப்படித் துப்ப எதுவும் இல்லை.

12. அந்தக் கோரிக்கையை விதிகள் அனுமதிக்காது என்று எனக்குத் தெரியும். பதினேழு வருடம் விதிகளைக் கட்டிக்கட்டி அடுக்கியவள் நான். விதிகள் அனுமதிப்பவையும் சில உண்டு. "நடிப்பு" என்ற சொல்லை எழுதியவர்களே தம் கையால் அடித்து, அருகில் நோயின் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். கட்டத்தில் இடம் போதவில்லை என்றால் ஓரத்தில் எழுதட்டும். கையில் பார்த்த பிரஷரை வைத்து இனி எந்த ஊழியரின் மூச்சையும் மருத்துவ அலுவலர் தீர்மானிக்கக் கூடாது என்று ஆணை வேண்டும். எனக்குத் தரைத்தளத்தில் வேலை வேண்டும். விசாரணை தரைத்தளத்தில் நடக்க வேண்டும். அதற்கு ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போதும். அவற்றுக்கு மூச்சு வாங்காது, இறக்கிவிடலாம்.

13. ஐயா, மருத்துவர் அம்மா தம் கடிதத்தில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "இவர் படியேறினால் மயங்கி விழ வாய்ப்பு மிக அதிகம். அப்படி விழுந்தால் பிழைப்பார் என்று உறுதி கூற இயலாது." கண்காணிப்பாளர் இதைப் படிக்கவில்லை, அவர் அப்படிச் சொல்லித் தப்பலாம். மருத்துவ அலுவலர் தள்ளிவிட்டார். அவரும் ஏதாவது சொல்வார். தாங்கள் இப்போது படித்துவிட்டீர்கள். தங்கள் அலுவலகத்தில் இம்மனுவைப் பெற்றுக்கொண்ட முத்திரையும் எண்ணும் என் நகலில் இருக்கும். எனக்குத் தெரியாது என்று இனி தாங்கள் சொல்வதற்கில்லை.

திங்கள்கிழமை காலை பத்தரை மணிக்குத் தரைத்தளத்தில் புகார் முகப்புக்கு எதிரே உள்ள பெஞ்சில் ஆக்சிஜனோடு உட்கார்ந்திருப்பேன். இறங்கி வந்து விசாரிக்கும்படி தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். இல்லை, மேலேதான் வர வேண்டும் என்பது தங்கள் முடிவானால், அதை ஒரு தாளில் எழுதி, தங்கள் பெயரைச் சுருக்காமல் முழுதாகக் கையொப்பமிட்டுக் கொடுத்தனுப்புங்கள். தாளை என் கணவரிடம் கொடுத்துவிட்டு ஏறி வருகிறேன்.

இடம்: தரைத்தளம்
நாள்: வியாழக்கிழமை, விசாரணைக்கு நான்கு நாள் முன்பு

இணைப்பு: மருத்துவரின் கடிதம், குழல் வழி அளவீட்டு அறிக்கை (52 என்ற எண்ணின் கீழ்க் கோடிட்டது நான்), பழுதுநீக்கும் பிரிவின் குறிப்பு, மருத்துவ அலுவலரின் சான்று, அழைப்பாணை.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பதிவறை எழுத்தர்